தலைமடைக்குக் கடைமடை ஏன் வேண்டும்?

நேபாளத்து மலைக் கிராமங்களில் விவசாயிகள் தாங்களே வெட்டி, தாங்களே நடத்தும் பாசன வாய்க்கால்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏற்பாடு ரொம்ப எளிமையானது. ஆற்றின் குறுக்கே கல், மரக்கிளை, மண் எல்லாம் போட்டு ஒரு தடுப்பு. தடுப்பில் ஏறும் தண்ணீர் வாய்க்காலில் திரும்பும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் தடுப்பு அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே ஆற்றுக்குப் போய் மறுபடி கட்டும். அடுத்த வெள்ளத்தில் அதுவும் போகும். மறுபடி கட்டுவார்கள்.

வெளியிலிருந்து வரும் பொறியாளர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஒரு தடவை கான்கிரீட்டில் கட்டிவிட்டால் ஆண்டுதோறும் இந்தப் பாடு வேண்டாமே என்றுதான். நியாயமான யோசனைதான். பல இடங்களில் அப்படியே கட்டியும் கொடுத்தார்கள். தடுப்பு உறுதியாக நின்றது, வாய்க்காலின் வாயில் தண்ணீர் கூடியது. ஆனால் கடைமடை வயல்களுக்கு முன்பு வந்த அளவுகூட வராமல் போன இடங்கள் உண்டு.

அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரமும் அவருடன் வேலை செய்தவர்களும் நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரசுத் துறை கட்டி நிர்வகித்தவற்றைவிட, விவசாயிகள் கிளையும் மண்ணுமாகக் கட்டி வைத்திருந்தவைதான் சராசரியில் கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்தன. காரணத்தைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். தடுப்பு ஆண்டுதோறும் உடைந்ததால் அதைக் கட்டத் தலைமடைக்காரருக்கு ஆள் வேண்டியிருந்தது. கடைமடைக்காரர் வராவிட்டால் தடுப்பு எழும்பாது. தண்ணீர் வராது என்றால் கடைமடைக்காரர் வரமாட்டார். அதனால் தலைமடைக்காரர் தன் மடையை நேரத்தோடு அடைத்து, தண்ணீரைக் கீழே விட்டார். கான்கிரீட் வந்ததும் தலைமடைக்காரருக்கு யாருடைய கையும் தேவைப்படவில்லை.

ஊர்ப்புறத்து விவசாய அறிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்தத் தடுப்பைத்தான் நினைத்துக்கொள்வேன். நாம் அந்த அறிவைத் தேடும் இடம் வேறு. பூச்சிவிரட்டிக் கரைசல், விதை நேர்த்தி, பழைய நெல் ரகம் என்று பொருளிலும் செய்முறையிலும் தேடுகிறோம். அவற்றிலும் அறிவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பங்கு ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள ஏற்பாட்டில் இருக்கிறது. தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் உண்டு: முறை. செய்யும் விதமும் முறைதான். ‘இன்று என் முறை’ என்று வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் சொல்வதும் முறைதான். நியாயமும் முறைதான், அது கெட்டால் போய் நிற்பது முறையிட. ஒரு வாய்க்காலையோ மேய்ச்சல் காட்டையோ ஊரார் நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் வைத்திருந்தால், இந்த மூன்றும் அங்கே ஒன்றாக இருந்திருக்கும். செய்முறையை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதில்தான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பல திட்டங்கள் சறுக்கின.

புகையானும் கோவிலும்

இதற்குப் பாலித் தீவைவிடத் தெளிவான சான்று கிடையாது. இந்தோனேசியாவின் பாலியில் நெல் வயல்கள் எரிமலைச் சரிவுகளில் படிப்படியாக இறங்குகின்றன. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்த சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, செப்பேடுகளிலேயே இந்த ஏற்பாட்டைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே பதித்திருப்பார்கள். கட்டையில் வெவ்வேறு அகலத்தில் வெட்டிய வாய்கள். எந்த வாய் எவ்வளவு அகலமோ அந்த விகிதத்தில் தண்ணீர் பிரியும். ஆற்றில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது. மடையில் ஆள் நின்று அளக்க வேண்டியதில்லை. யாராவது வாயைச் செதுக்கி அகலமாக்கியிருந்தால் அந்தப் பக்கமாக நடந்துபோகிற எவருக்கும் கண்ணில் படும். கணக்குப் புத்தகமும் காவலும் ஒரே கட்டையில்.

சுபாக்குகளுக்கு மேலே நீர்க் கோவில்கள். ஒவ்வொரு மடைக்கும் ஒரு சிறு சன்னிதி, பல சுபாக்குகளுக்கு ஒரு கோவில், உச்சியில் பத்தூர் எரிமலை ஏரியை ஒட்டிய பெரிய கோவில். எந்தச் சுபாக் எப்போது நடவு தொடங்கும், எப்போது வயலை ஆறப்போடும் என்பதெல்லாம் இந்தக் கோவில்களில் கூடும் கூட்டங்களில் முடிவானது. வெளியாருக்கு இது பூசை புனஸ்காரமாகத் தெரிந்தது. விவசாயத்தோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய காலத்தில் விளையும் புதிய ரகங்கள், உரம், பூச்சிமருந்து எல்லாம் வந்தன. கோவில் நாள்காட்டியை விட்டுவிட்டு, முடிந்த போதெல்லாம் நடுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. முதல் சில போகங்கள் அமோகமாக விளைந்தன. அப்புறம் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி இறங்கியது. புகையானைத் தாங்கும் ரகம் கொடுத்தார்கள். அது துங்ரோ நோயில் விழுந்தது. மருந்தை அதிகமாக்கினார்கள், பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் முதலில் செத்தன. ஒரு பக்கம் தண்ணீர்ச் சண்டை, இன்னொரு பக்கம் பூச்சி.

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியில் ஏற்றிப் பார்த்தார். கணக்கு இப்படிப் போகிறது. பரந்த பரப்பில் எல்லோரும் ஒரே சமயத்தில் அறுத்து, வயலை ஒரே சமயத்தில் ஆறப்போட்டால் பூச்சிக்குத் தங்க இடமில்லை, பட்டினியில் சாகும். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் ஒரே சமயத்தில் தண்ணீர் கேட்பார்கள், ஆறு தாங்காது. ஆளாளுக்கு ஒரு நாளில் நட்டால் தண்ணீர்த் தேவை பரவலாகிவிடும், ஆனால் பூச்சி வயலுக்கு வயல் தாவிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சரியான அளவு உண்டு: இத்தனை சுபாக்குகள் சேர்ந்து நட வேண்டும், அடுத்த கூட்டம் இத்தனை நாள் தள்ளி நட வேண்டும் என்று. மாதிரி கண்டுபிடித்த கூட்டு அளவு, கோவில்கள் வைத்திருந்த கூட்டு அளவோடு பெரும்பாலும் பொருந்திப்போனது.

எனக்கு இதில் பிடித்தது மேலூர்க்காரர் கணக்கு. தண்ணீர் முதலில் அவர் வயலுக்குத்தான் வருகிறது. கீழே உள்ளவருக்கு ஏன் விட வேண்டும்? பூச்சிக்காகத்தான். கீழே உள்ளவருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அவர் காலம் தள்ளி நடுவார். அங்கே பெருகும் புகையான் மேலே ஏறி வரும். தண்ணீரைக் கையில் வைத்திருப்பவர் மேலூர்க்காரர், பூச்சியைக் கையில் வைத்திருப்பவர் கீழூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேபாளத்தில் ஆள்பலம் செய்த வேலையைப் பாலியில் பூச்சி செய்தது.

1980களில் விவசாயிகள் கோவில் முறைக்குத் திரும்பினார்கள். இந்தோனேசிய அரசும் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இப்போது சுற்றுலா விடுதிகளும் வீட்டு மனைகளும் அதே வயல்களையும் அதே தண்ணீரையும் கேட்கின்றன. பூச்சியைச் சமாளிக்கத் தெரிந்த கோவில் கூட்டத்துக்கு, வயலே இல்லாத ஒரு மேலூர்க்காரரைச் சமாளிக்க வழி தெரியவில்லை. அவருக்குப் புகையான் பயம் கிடையாதே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலி விவசாயி புகையானின் வாழ்க்கைச் சுழற்சியைக் கணக்கிட்டு நாள் குறித்தார் என்று சொல்ல முடியாது. சாமிக்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து சுபாக்கைப் பார்த்து, நன்றாக விளைந்தால் அதையே செய்து, விளையாவிட்டால் மாற்றி, முறை உருவாகியிருக்கிறது. அப்படி உருவானதற்கு வாய்ச்சொல்லால் காரணம் கேட்டால் சரியான பதில் வராமல் போகலாம். அதனால் காரணம் இல்லை என்றாகிவிடாது.

மாடு எத்தனை?

பொதுச் சொத்து என்றால் நாசமாகத்தான் போகும் என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஆழமாக ஊறியதற்கு ஒரு கட்டுரைக்குப் பங்குண்டு. 1968இல் உயிரியலாளர் காரெட் ஹார்டின் எழுதியது. எல்லோருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம். ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக மாடுகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார். கடைசியில் புல்லே மிஞ்சாது என்பது வாதம். படித்தால் தட்ட முடியாத மாதிரி இருக்கும். ஆனால் அது அவர் மனதில் வரைந்த நிலம். அங்கே மேய்ப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. ஆளில்லா நிலமும் ஊர்ப் பொது நிலமும் ஒன்றல்ல. தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொது நிலத்தைப் பற்றித்தான் என்று பின்னாளில் ஹார்டினே திருத்திக்கொண்டார்.

நிஜத்தில் மேய்ப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் தோர்பெல் கிராமத்தைச் சொல்வார்கள். 1517ஆம் ஆண்டின் ஊர்க் கட்டுப்பாடு ஒன்று: குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடிகிற அளவு மாடுகளைத்தான் ஒருவர் கோடையில் பொது மலைப் புல்வெளிக்கு ஓட்டலாம். இதைவிடச் சிக்கனமாக ஒரு சட்டம் எழுத முடியாது. குளிர்காலத் தீனி என்பது அவரவர் சொந்த நிலத்தில் அறுத்த வைக்கோலும் புல்லும். அது எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். எனவே மலைப் புல்லை யாரும் அளக்க வேண்டாம். வெளியூரிலிருந்து மாட்டை வாங்கி வந்து மலையில் கொழுக்க வைத்து விற்கும் வியாபாரமும் நடக்காது. (நிலம் அதிகம் உள்ளவருக்கு மாடும் அதிகம் என்ற பாரபட்சம் இதற்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.)

இப்படி உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்களின் கதைகளைச் சேர்த்துப் படித்துத்தான் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நீடித்து நின்ற ஊர்களில் பொதுவாகக் காணப்பட்டவை என்று அவர் எட்டு அம்சங்களைச் சொன்னார். எட்டையும் இங்கே அடுக்கப்போவதில்லை. இரண்டு போதும். ஒன்று, காவல் காப்பவர் வெளியாள் கிடையாது. முறைக்காரர்களே, அல்லது முறைக்காரர்கள் கூலி கொடுத்து வைத்தவர். தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பவரைவிடப் பெரிய காவல்காரர் யார்? இன்னொன்று, தண்டனை சிறிதாகத் தொடங்கும். முதல் தடவை மடையை உடைத்தவருக்கு அபராதம் கைப்பிடியளவுதான். ஊர் வாயில் விழுவதுதான் நிஜமான தண்டனை. திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஏறும். பஞ்ச காலத்தில் ஒரு ராத்திரி திருடிய தண்ணீருக்காக ஒருவரை ஊரைவிட்டு விலக்கினால் அடுத்த நாள் தடுப்பு கட்ட ஓர் ஆள் குறைகிறதே!

ஒமானில் அஃப்லாஜ் எனப்படும் பாசன வாய்க்கால்களில் பங்கு நேரக் கணக்கில். அவற்றில் பல நிலத்தடிச் சுரங்கமாக ஓடுபவை. சுமார் 3,000 இன்னும் ஓடுகின்றன. பகலில் நட்ட கோலின் நிழலையும் இரவில் நட்சத்திரம் எழுவதையும் பார்த்து மடை மாற்றினார்கள். அரை மணி நேரம் ஓர் அலகு. கைக்கடிகாரம் வந்த பிறகு நிழல்கோல் பல இடங்களில் ஓய்ந்துவிட்டது. முறை ஓயவில்லை. கருவி மாறுவதால் அறிவு அழிந்துவிட்டதாகப் புலம்பத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கார்த்திகை மங்கினால்

தண்ணீரையும் புல்லையும் விட்டு வானத்துக்கு வருவோம். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர்கள் ஜூன் கடைசியில், விடியலுக்கு முன், மேட்டில் ஏறிக் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். நாம் ஆறு மீன் என்று சொல்லும் அதே கூட்டம்தான். மீன்கள் பளிச்சென்று, நிறையத் தெரிந்தால் மழை நேரத்தோடு வரும். மங்கலாக, எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் மழை தாமதம். நடவை நான்கிலிருந்து ஆறு வாரம்வரை தள்ளிப்போடுவார்கள். வறண்ட மண்ணில் நட்ட உருளை வீண்.

வெறும் நம்பிக்கை என்று கடந்துபோயிருக்கலாம். மானிடவியலாளர் பெஞ்சமின் ஓர்லோவ், காலநிலை ஆய்வாளர்களான ஜான் சியாங், மார்க் கேன் மூவரும் 2000ஆம் ஆண்டில் இதைச் செயற்கைக்கோள் தரவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அந்த மலைக்கு மேலே, கண்ணுக்கே புலப்படாத மெல்லிய உயர்மேகங்கள் ஜூன் மாதத்தில் கூடுகின்றன. அவை மீன்களின் ஒளியை மங்கலாக்குகின்றன. எல் நினோ ஆண்டில் அப்பகுதியில் மழை குறைகிறது, உருளை விளைச்சலும் குறைகிறது. பசிபிக் பெருங்கடல் சூடாவதை, கடலையே பார்க்காத விவசாயி கார்த்திகையில் படித்துவிடுகிறார். நாலு மாதம் முன்னதாக.

இதோடு கதையை முடித்துக்கொண்டு, பார்த்தீர்களா நம் முன்னோரின் அறிவை என்று மார்தட்டுவது சுலபம். அப்படிச் செய்தால் முக்கியமான ஒன்று விடுபடும். கார்த்திகை எப்போதும் சரியாகச் சொல்லாது. அதனால்தான் அந்த விவசாயிகள் அதை மட்டும் நம்புவதில்லை. ஒரே வீட்டுக்கு வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு சரிவுகளில் துண்டு துண்டாக நிலம் இருக்கும். ஒரே வயலில் பத்து இருபது ரகக் கிழங்கு கலந்து கிடக்கும். ஒரு சரிவில் உறைபனி கொன்றால் இன்னொரு சரிவு பிழைக்கும். ஊகம் தப்பினால் என்ன செய்வது என்ற ஏற்பாடும் ஊகத்தோடு சேர்ந்தே வருகிறது.

பெருவில் குஸ்கோ நகருக்கு அருகே பிசாக்கில் கெச்சுவா பூர்வகுடிக் கிராமங்கள் சேர்ந்து உருளைக்கிழங்குப் பூங்கா ஒன்றை நடத்துகின்றன. அங்கே விளையும் ரகங்கள் 1,300க்கும் மேல். லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் முன்பு அந்தப் பகுதியில் சேகரித்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த ரகங்களில் 400க்கும் மேற்பட்டவற்றை 2004ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நோய் நீக்கித் திருப்பிக் கொடுத்தது. விதை வங்கியில் இருப்பது விதை. எந்த ரகம் எந்தச் சரிவுக்கு, எதற்குப் பின் எது, எது கெட்டுப்போகாமல் இருக்கும் என்பதெல்லாம் நடுகிறவரிடம்தான் இருக்கிறது. வெப்பம் கூடுவதால் அந்த விவசாயிகள் கிழங்கை முன்பைவிட உயரமான இடங்களில் நடுகிறார்கள். மலைக்கும் ஓர் உச்சி உண்டு.

குழி தோண்டியவரும் மரத்துக்குச் சொந்தக்காரரும்

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில், யதெங்கா பகுதியில், 1970களின் தொடக்கத்தில் வந்த பஞ்சம் ஊர் ஊராக மக்களைக் கிளப்பியது. நிலம் மேலோடு இறுகிக் கட்டாந்தரையாகிவிட்டது. மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். யாகூபா சவாதோகோ என்ற விவசாயி 1980 வாக்கில், அந்தப் பகுதியில் ஏற்கெனவே வழக்கில் இருந்த ‘சாய்’ குழியைக் கையில் எடுத்தார். அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல், ஆழம் ஒரு சாணுக்குள். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள். அவர் செய்த மாற்றம் இரண்டு. குழியைப் பெரிதாக்கினார். மழைக்குக் காத்திராமல் கோடையிலேயே தோண்டி எருவைப் போட்டார். எருவுக்குக் கறையான் வரும். நமக்குக் கறையான் என்றால் கதவும் உத்தரமும்தான் நினைவுக்கு வரும். அங்கே அது மண்ணைக் குடைந்து போட்ட துளைகள் வழியாக முதல் மழை உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் முளைத்தன. எருவில் கிடந்த விதைகளிலிருந்து மரக்கன்றுகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டார்.

கோடையில் மண்ணைத் தொட்டதற்கு அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கவில்லை. வழக்கத்தை மீறியவரைப் பைத்தியம் என்றார்கள்; வளர்ந்த மரங்களுக்குத் தீயும் வைத்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. தன் ஊரில் சந்தை நாள் போலக் கூட்டம் கூட்டி, பக்கத்து ஊர் விவசாயிகள் விதையையும் விவரத்தையும் பரிமாறிக்கொள்ள வைத்தார். மரபறிவு என்றால் தாத்தா செய்ததை அப்படியே செய்வது என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டலாம். தாத்தாவின் குழியைத்தான் எடுத்தார், ஆனால் தாத்தா காலத்து நாள்காட்டியை உடைத்தார். 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023இல் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவர் போராடியது பாலைவனத்தோடு இல்லை. அருகிலிருந்த நகரம் வளர்ந்து வந்து, அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்தது. காடு வளர்த்தவர் கையில் நிலத்துக்கான பத்திரம் இல்லை.

பக்கத்து நாடான நைஜரில் இதே சொத்துச் சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. பிரெஞ்சுக் காலனிக் காலத்திலிருந்து வந்த சட்டத்தின்படி, விவசாயியின் வயலில் நிற்கும் மரமும் அரசுடையது. கிளை வெட்டினால் அபராதம். அப்படியானால் விவசாயி என்ன செய்வார்? கன்று கண்ணில் பட்டதும் உழுது அழிப்பார். மரத்தைக் காக்க வந்த சட்டம் மரத்தை இல்லாமலாக்கியது. 1980களில் மராடி, சிந்தர் பகுதிகளில் அதிகாரிகளின் பிடி தளர்ந்தது. ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ, வயலில் புதர் மாதிரி கிடந்தவை உண்மையில் வெட்டிய மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்பதைக் கவனித்து, அவற்றில் நல்ல துளிரை மட்டும் விட்டு வளர்க்கும்படி விவசாயிகளைத் தூண்டினார். அவர்களுக்கு அது பழக்கமில்லாத வேலையும் இல்லை. மரம் இனி தங்களுடையது என்ற நம்பிக்கை வந்ததும் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. நட்ட மரங்கள் இல்லை, விட்டுவைத்த மரங்கள். அவற்றில் முக்கியமானது ‘காவோ’ என்ற மரம், வேல மரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிடும், கோடையில் தழைக்கும். கம்பு வளரும்போது நிழல் கட்டாது. மாடு பசியோடு அலையும்போது இலையும் காயும் கொடுக்கும். இப்படியொரு மரத்தை வயலில் வைத்துக்கொள்ள விவசாயிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அபராதம் போடாமல் இருந்தால் போதும்.

யாருக்குத் தெரியும், யாருக்குச் சொந்தம்

சரி, இதுவரை சொன்னதை வைத்துக் கிராமத்தைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. பல முறைகள் அநியாயத்தின் மேல் நின்றவை. தமிழகத்து ஏரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. அது பிராமணர் ஊர். ஓலையில் பேர் எழுதப்பட நிலமும் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். மறுபக்கம், சமீப காலம்வரை பல ஊர்களில் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்கு வைத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஏரியின் ஆழமும் மதகின் குணமும் அவருக்குத்தான் அத்துப்படி. வருமானம் களத்து மேட்டில் அளந்து போடும் நெல். அவர் மகன் அந்த வேலை வேண்டாம் என்று நகரத்துக்குப் போனால், மரபறிவு அழிகிறதே என்று நாம் வருந்துவதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டும். அறிவு அவரிடம் இருந்தது, நிலம் வேறு யாரிடமோ இருந்தது.

தோர்பெல் மாட்டுக் கணக்கிலும், சாய் குழிக்கு வேண்டிய முரட்டு உழைப்பிலும் இதே கேள்வி உண்டு. ஆளும் எருவும் இல்லாத வீட்டால் குழி தோண்ட முடியாது. பல சமயம் அது பெண்கள் மட்டும் இருக்கும் வீடு.

சொந்தம் கொண்டாடுவதில் இன்னொரு கூத்தும் உண்டு. மெக்சிகோச் சந்தையில் வாங்கிய மஞ்சள் அவரையை அமெரிக்காவில் விதைத்துப் பொறுக்கி, ‘எனோலா’ என்று பேர் வைத்து, ஒருவர் 1999இல் அமெரிக்கக் காப்புரிமையே வாங்கிவிட்டார். தலைமுறைகளாக அதை விளைவித்த மெக்சிகோக்காரர் அமெரிக்காவுக்கு அனுப்பினால் உரிமத்தொகை கட்ட வேண்டும் என்றார். அந்த உரிமையை ஒழிக்கப் பத்தாண்டு வழக்கு நடந்தது. 2010இல் நகோயா என்ற சர்வதேச உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அறிவையும் விதையையும் எடுத்தால் உரியவரைக் கேட்க வேண்டும், பலனில் பங்கு தர வேண்டும் என்கிறது. உரியவர் யார் என்பதுதான் சிக்கல். பத்துப் பள்ளத்தாக்குகளில் விளையும் ஓர் அவரைக்கு எந்த ஊர் கையெழுத்துப் போடும்?

இவை எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் வேலை செய்தது பம்புசெட். ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்ததும் ஒருவர் தன் வயலுக்குத் தானே தண்ணீர் எடுக்கலாம். வாய்க்கால் தூர்வாரப் போக வேண்டாம், கூட்டத்தில் உட்கார வேண்டாம், இரவு இரண்டு மணி முறைக்கு எழ வேண்டாம். யாருக்குத்தான் பிடிக்காது? அதிலிருக்கும் விடுதலையை, குறிப்பாகக் கடைமடைக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் அது கொடுத்த மரியாதையை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பூமிக்கடியில் இருப்பதும் பொதுத் தண்ணீர்தான். வாய்க்காலில் ஒருவர் அதிகம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியில் தெரியாது, பக்கத்துக் கிணறு வற்றும்போதுதான் தெரியும். ஈரானில் நூற்றாண்டுகளாக ஓடிய எத்தனையோ கனாத் சுரங்க வாய்க்கால்கள், சுற்றிலும் ஆழ்குழாய் இறங்கி நீர்மட்டம் கீழே போனதால் வறண்டன. ஹார்டின் வரைந்த, யாரும் யாரோடும் பேசாத அந்த நிலம் கடைசியில் பூமிக்கு அடியில் நிஜமாகிக்கொண்டிருக்கிறது.

முறையிட ஓர் இடம் இருந்தால் நிலைமை வேறாக இருக்கலாம். ஸ்பெயினின் வலென்சியாவில் துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு ஒரு நீர் நீதிமன்றம் உண்டு. வாய்க்காலுக்கு ஒருவராக விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள், அவர்களும் விவசாயிகள்தான். வியாழக்கிழமைதோறும் பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் வாசலில், கறுப்பு மேலங்கியோடு, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்காருவார்கள். வழக்கறிஞர் இல்லை. எல்லாம் வாய்மொழி, அவர்கள் ஊர்மொழியில். வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அந்த வாய்க்காலின் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது.

மணி அடித்ததும் சேவகர் ஒருவர் எட்டு வாய்க்கால்களின் பேரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, புகார் உண்டா என்று உரக்கக் கேட்பார். பல வியாழக்கிழமைகளில் யாரும் முன்னே வருவதில்லை. வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கும் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து முடிப்பதற்குள் நீதிபதிகள் எழுந்து, மேலங்கியைக் கழற்றக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த வியாழன் 12 மணிக்கு மறுபடி வருவார்கள்.